உழைப்பாளி சிலையும் ஆறு மூட்டைப் புளியும்

செத்தாலும் இனிப் புளி தட்டுவதில்லை என்று 1942 பங்குனியில் ஒரு மகா தீர்மானம் செய்தேன். மனைவி தீர்த்தம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லுகிற தைரியம் இருந்தால் நான் ஏன் ரகசியமாகத் தீர்மானம் செய்யப் போகிறேன்?

எங்கள் தோட்டத்து மரங்கள் அந்த வருஷம் என்மேல் பகை வைத்துக் காய்த்தன. கூடம் நிறைய ஆறு மூட்டைப் புளியம்பழம். ஓட்டை உடைக்க வேண்டும், நாரை உரிக்க வேண்டும், தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். பத்துப் பழம் முடிவதற்குள் விரல் சுத்தியலுக்குக் கீழே போய்விடும். என் விரல்தான். தீர்த்தம்மாள் விரல் ஒரு நாளும் போனதில்லை.

நல்லவேளை, ஜப்பான்காரன் கைகொடுத்தான். பட்டணத்தில் அவன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிக்கொண்டிருந்த சமயம் அது.

"தீர்த்தம், என்னை நம்பி சர்க்கார் ஒரு வேலை குடுத்திருக்கு."

"எதை நம்பிங்க?"

"தினம் மத்தியானம் மொரப்பூர் டேசன்கிட்ட நின்னு வானத்தைப் பாக்கணும். ஏரோப்பிளேன் வந்தா சொல்லணும்."

"யாருகிட்ட?"

"அது ரகசியம்."

"அப்ப புளி?"

"தேசம் பெருசா, புளி பெருசா?"

அவள் சுத்தியலை எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

உண்மையில் நான் பார்த்த வானம் ஓட்டுக் கூரைதான். பட்டணத்துக் கல்லூரி ஒன்று, குண்டுக்குப் பயந்து, தன் சித்திரக் கூடத்துப் படங்களையும் சிலைகளையும் ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தது. டேசனுக்குப் பக்கத்துக் கடலைக்காய்க் கிடங்கில் அவற்றை வைத்திருந்தார்கள். பகலில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். காவல்காரன் மாயவன் எனக்கு வேண்டியவன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே குளுகுளுவென்றிருக்கும். படங்களுக்குப் பின்னால் சாக்கை விரித்தால் மணி நாலு வரைக்கும் தூக்கம். இப்படி ஒன்பது நாள் தேசத்தைக் காப்பாற்றினேன்.

பத்தாம் நாள் மாயவன் உலுக்கினான்.

"அண்ணா, எந்திரிங்க. பொம்பளைங்க கூட்டமா வராங்க. முன்னால வர்றது அண்ணி."

இருந்தது ஒரே வாசல். அதற்குள் தீர்த்தம்மாளின் குரல் நுழைந்துவிட்டது. எதிரே ஒரு காலிப் பீடம். அதன்மேல் நிற்க வேண்டிய, வர்ணம் பூசிய ஆளுயர மண் சிலை ரயிலிலிருந்து இறக்கும்போதே இரண்டு துண்டாகி மூலையில் கிடந்தது. நான் பீடத்தில் ஏறினேன். தோள் துண்டைத் தலையில் சுற்றினேன். மண்வெட்டி பிடிப்பதுபோல் கையை ஓங்கி மூச்சை அடக்கினேன்.

ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டி படத்தின் முன்னால் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் நெடுநேரம் நின்றாள். "இவ்வளவு துணியைச் சுத்திக்கிட்டு அடுப்புகிட்ட எப்படித்தான் போறாளோ" என்று கவலைப்பட்டாள். பிறகு எல்லோரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"மாயவா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் தீர்த்தம்மாள், பீடத்தைக் காட்டி.

"உழைப்பாளின்னு எழுதியிருக்குங்க, அண்ணி."

"அக்கா, உங்க வூட்டுக்காரரு சாடையா இருக்குதே" என்றாள் குள்ளம்மாள்.

"உழைப்பாளின்னு போட்டிருக்காங்களே, அப்புறம் அவரு எப்படி இருக்க முடியும்?"

"கண்ணு சிமிட்டுதுக்கா."

"பட்டணத்து வேலைப்பாடு அப்படித்தான் இருக்கும். கன்னத்துல சாக்குத் தடம்கூட அச்சா வெச்சிருக்காங்க பாரு. எங்க வூட்டுக்காரரு தினம் சாயந்திரம் இதோடதான் வராரு."

எனக்கு வேர்த்தது.

"சிலையைத் தொடக் கூடாதுங்க, அண்ணி" என்றான் மாயவன்.

"தொடலப்பா. ஒரு வார்த்தை பேசிக்கறேன்." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டுக்காரரு வானத்தைப் பாக்கப் போயிட்டாரு. அவரைக் கேக்க வேண்டியதை இதுகிட்ட கேட்டுக்கறேன். நீங்கல்லாம் சாட்சி." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க உழைப்பாளி, ஆறு மூட்டைப் புளியையும் நீங்களே தட்டிக் குடுத்திடறீங்களா? முடியாதுன்னா வாயைத் திறந்து சொல்லுங்க."

வாயைத் திறந்தால் ஒன்பது நாள் யுத்தம் அம்பலமாகும், மொரப்பூரே சிரிக்கும். திறக்காவிட்டால் ஆறு மூட்டை. மானமா, விரலா என்று யோசித்தேன். மானத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"மௌனம் சம்மதம்" என்றாள் தீர்த்தம்மாள்.

"எங்க வூட்ல ரெண்டு மூட்டை கெடக்குதுக்கா" என்றாள் குள்ளம்மாள்.

"நீயும் கேளு. தங்கமான சிலை. இல்லைன்னே சொல்லாது."

கேட்டாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஓங்கிய கை மரத்துப்போயிற்று. மூக்கு நுனியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதுவும் ஏதோ கேட்பதுபோலிருந்தது, அதற்கும் சம்மதித்தேன்.

எல்லோரும் போன பிறகு மாயவன் ஒரு தடித்த நோட்டை நீட்டினான். பார்க்க வருகிறவர்கள் அபிப்பிராயம் எழுதுகிற நோட்டு. தீர்த்தம்மாள் சொல்லச் சொல்ல அவனே எழுதியிருந்தான்:

"படங்கள் பரவாயில்லை. உழைப்பாளி சிலை மிகவும் நன்று. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நாளை முதல் எங்கள் வீட்டுக்கு வரவும். புளி தட்டிக்கொண்டிருக்கும்."