பீர் முகம்மது சொன்ன கடன்

காயல்பட்டினம்
18.8.1996

ஜித்தாவில் இருக்கும் அன்பு மருமகப்பிள்ளை சிராஜுதீன் அவர்களுக்கு, மாமா அசன் மைதீன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கு உங்கள் மாமி சுபைதா பேகம், மகள் நஃபீஸத், பேத்தி ஜனாபா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நம் வெண்பிறை கால்பந்துக் கழகம் ஒழிந்துவிட்டது.

விவரம் கேளுங்கள். போன மாதம் கழகத்தின் முதலாளி பீர் முகம்மது எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்து, வெளியூர் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், லாட்ஜ் வாடகை, பிரியாணி என்று மூன்று லட்சம் கடன் ஏறிவிட்டது, ஆளுக்குக் கொஞ்சம் தந்தால் சமாளிக்கலாம், இல்லையென்றால் மைதானத்தை விற்க வேண்டியதுதான் என்று கண்ணைத் துடைத்தார். யாருக்கு வரும் நம்பிக்கை? டிக்கெட் விற்ற காசு எங்கே என்று ஒருவர் கேட்டார், செலவாயிற்று என்றார். பளிங்கு போட்ட மாடி வீடு? அது பெண்டாட்டி வீடு. கார்? மருமகன் கார். பக்கத்து மனை? அது மகளுக்கு. நம்மூரில் வீடெல்லாம் பெண்களுக்கு, ஆண்கள் பெண்ணெடுத்த வீட்டில் படுத்து எழும்புகிறவர்கள் என்பதால், அவர் சொன்ன எதையும் பொய் என்று சொல்லவும் முடியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து, "அப்போ ஒமக்குன்னு என்னதான் வே இருக்கு?" என்று கேட்டேன். "கடன் இருக்கு அசன் காக்கா. ஒங்களுக்கு என்ன இருக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். படுப்பது உங்கள் மாமி வீட்டில், போட்டிருந்த சட்டை நீங்கள் கொண்டுவந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மனசு கேட்குமா? மறுநாளே கடைத்தெருவில் நின்று, "ஒருத்தரும் ஒரு பைசா குடுக்காதீய, இது நாடகம், கடைசில அந்தாளே மக பேருல எழுதிக்கிடுவாரு" என்று தொண்டை கிழியச் சொன்னேன். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று எனக்கே தெரியாது, ஒருத்தரும் காசு கொடுக்கவில்லை. நான் சொன்ன மாதிரியே ஆச்சு. போன வாரம் மைதானம் கிரயமாகிவிட்டது, யாரோ ஒரு பெண்பிள்ளை பேருக்காம். எந்தப் பெண்பிள்ளை என்று நான் சொல்லித்தான் தெரியணுமா? முள்வேலியும் போட்டாச்சு. கோலி ஐயம்பெருமாள், தச்சநல்லூர்க்காரன், பத்து வருசமா நம்ம கோலைக் காத்தவன், நேத்து நம்ம வாசல்ல வந்து நின்னான். "சம்பளம் வராட்டாலும் போவுது அண்ணாச்சி, இனும எங்கன போயி வெளையாடுவேன்?"னு கேட்டான். அவனை பஸ் ஏத்திவிட்டுட்டு வர்ற வழியில அழுதுட்டேன் மாப்பிள்ளை. அஸர் தொழுது முடிச்சா காலு தன்னால மைதானத்துக்குத்தான் போவுது, வேலியப் பார்த்துட்டுத் திரும்பி வருது. வீட்டுல வந்து வாங்குனவங்கள ஏசினா, உங்க மாமி சோத்த எடுத்து வைக்கிறா.

ஆகவே அங்குள்ள நம்மூர்க்காரர்கள் எல்லோரிடமும் இந்த மோசடியைச் சொல்லவும். பீர் முகம்மது வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக்கூடாது. அந்த இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஒரு நாளும் நிம்மதியாக உறங்கக்கூடாது என்று நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன், நீங்களும் கேட்கவும்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். வெயிலில் அலைய வேண்டாம். உங்கள் ஆயுளுக்கும் பரக்கத்துக்கும் துஆச் செய்யும்

மாமா
அசன் மைதீன்

பின்குறிப்பு: மேலே சொன்ன துஆ வேண்டாம், கேட்டுவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் மாமி வந்து, "அந்த எடத்த வாங்குனது நாந்தான், பேத்தி பேருக்கு. மருமகன் மனைக்குன்னு அனுப்புன பணம். நீங்க தெருவுல நின்னு கத்துனதுல வேற ஒருத்தரும் வாங்க வரல்ல, பாதி வெலைக்கு முடிஞ்சிச்சி" என்றாள். கடன் உண்மைதானாம், பணத்தை அவள் தம்பியே கடன்காரர்கள் கையில் நேராகக் கொடுத்தானாம். பாதி விலை என்பதால் ஐயம்பெருமாள் சம்பளத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லையாம். மைதானத்தை வாங்கிய குடும்பத்தைக் கண்டித்து நாளை கடைத்தெருவில் கூட்டம். நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. தலைமை நான்.