சைக்கிளுக்குச் சொன்ன எடை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் மகளும் நலம். உங்கள் அண்ணனின் இடது தோளும் எங்கள் சாப்பாட்டு மேசையும் தேறி வருகின்றன. அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அதைத் தனியாக விசாரிக்கிறேன். இந்தக் கடிதத்தில் இடம் போதாது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். என் போனையும் அப்படித்தான்.

நீங்கள் புது சைக்கிள் வாங்கியதும் பழைய மலை சைக்கிளின் ஃபிரேமையும் அதன் பின்பக்கக் குலுக்கலைத் தாங்கும் ஷாக்கையும் ஒரு பெட்டியில் போட்டு, சும்மா கிடக்கிறது, அண்ணன் ஏதாவது செய்துகொள்ளட்டும் என்று அனுப்பி வைத்தீர்கள். உங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அப்போது அவர் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி, இவருக்குக் கீழே இருந்தவரை இவருக்கு மேலே உட்கார வைத்ததிலிருந்து மனிதர் வீட்டுக்கு வந்தால் சோபாதான். டிவி ஓடும், பார்க்க மாட்டார். என்ன சமையல் என்று கேட்க மாட்டார், வைத்ததைச் சாப்பிடுவார். சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன், நான் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டார். எனக்கு உண்மையில் பயம் வந்தது அப்போதுதான். உங்கள் பெட்டி வந்த அன்று எழுந்து போய்க் கத்தரிக்கோல் தேடினார். அவர் தானாக எழுந்து ஒன்றைத் தேடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆகவே சாப்பாட்டு மேசையை விட்டுக்கொடுத்தேன். அது தற்காலிகம் என்று நினைத்தேன்.

ஒரு ஃபிரேம் இருந்தால் சைக்கிள் பாதி முடிந்தது என்று நானும் படிக்காதவள் போல நம்பிவிட்டேன். மீதிப் பாதியில் என்னென்ன இருக்கின்றன என்பதை எங்கள் வீடு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. பெடல் சுழலும் இடத்தில் ஒரு பேரிங்கை அழுத்திப் பொருத்த வேண்டுமாம், அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம், அது எதற்கு என்று இவர் நீளமான ஒரு மரையாணியும் வாஷர்களும் வாங்கிவந்து மேசை விளிம்பில் முட்டுக் கொடுத்துத் திருகினார். பேரிங் உள்ளே போனது, மேசை விளிம்பும் கூடவே போனது. டியூப் இல்லாத டயருக்குள் பால் போல ஒரு திரவம் ஊற்றிக் காற்றடிக்க வேண்டும், ஓட்டை விழுந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும் என்றார். குளியலறையில் வைத்து அடித்தார், டயர் விளிம்பில் உட்காராமல் வெடித்தது, அந்தப் பால் சுவர், கூரை, மகளின் துண்டு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் அடைத்தது, டயரைத் தவிர. பிரேக்குக்கு எண்ணெய் மாற்றுகிறேன் என்று பிரேக் கட்டைகளிலும் எண்ணெயைக் கொட்டி, எண்ணெய் பட்டால் பிடிக்காது என்பதால் அவற்றை என் வாணலியில் வறுத்தார். மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இன்னிக்கு ராத்திரி இதானா?” என்று கேட்டாள். வாணலியை மாற்றியாயிற்று. இவ்வளவுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் திட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் திட்டவும் தொடங்கியிருந்தார். அது எனக்கு ஒரு முன்னேற்றமாகவே பட்டது.

பிரச்சினை இதெல்லாம் அல்ல. பிரச்சினை எடை. ஷாக்குக்குள் எவ்வளவு காற்று ஏற்ற வேண்டும் என்பது ஓட்டுபவரின் எடையைப் பொறுத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதன்முறை சைக்கிள் கடைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். கடைக்காரர், “சார் எடை எவ்வளவு?” என்று கேட்டார். உங்கள் அண்ணன் கண் இமைக்காமல், “எழுபத்திரண்டு” என்றார். கடைக்காரர் அவரைத் தலையிலிருந்து இறங்கி வயிறு வரை பார்த்தார், அங்கே கொஞ்சம் தங்கினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன். “எழுபத்திரண்டு. சரி சார்” என்று சொல்லி அதற்கேற்ற அழுத்தத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, வாடிக்கையாளர் குடும்ப விவகாரம். எழுபத்திரண்டு என்பது பொய் அல்ல, தம்பி. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்த எடை. பிறந்த தேதியைப் போல எடையையும் ஒருமுறை எடுத்தால் போதும் என்பது அவர் எண்ணம். எங்கள் வீட்டில் எடை மெஷின் கிடையாது, அவர் வாங்க விட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து வந்ததுதான். சைக்கிளில் அவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் கட்டில் போல அமுங்கியது. ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அது எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்று என்னை அளக்கச் சொன்னார். கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும்; பாதியைத் தாண்டியிருந்தது. சொன்னேன். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், ஒரு ஸ்கேலைப் பார்த்துப் படிக்கத் தெரியும். “நீ தப்பாப் பாக்கறே” என்றார். மறுபடி அளந்தேன். “அப்ப ஷாக்தான் சரியில்லை. தம்பி நல்லா ஓட்டித் தேச்சுட்டான்” என்றார். பழி உங்கள் மேல் விழுந்தது. அதைவிட உயர்ந்த ரகத்தில் ஒரு புது ஷாக் வந்தது. அதிலும் எழுபத்திரண்டுக்கே காற்று. அதுவும் அமுங்கியது. உள்ளே போட்டால் கடினமாகும் என்று பிளாஸ்டிக் வளையங்கள் வந்தன. பின்னால் புதிது வந்ததால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஈடு கொடுக்கவில்லை என்று நீளமான ஃபோர்க் வந்தது. ஃபோர்க் நீண்டதால் கை எட்டவில்லை என்று ஹேண்டில்பார் மாறியது. ஒரு மனிதர் தன் எடையை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக ஒரு சைக்கிள் முழுவதையும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தபோது, மூன்றாவது முறை தொடங்கியிருந்தது. பூங்காவின் படிகளில் இறக்கிப் பார்க்கிறேன் என்று போய், கடைசிப் படியில் ஷாக் அடிவரை இடித்து அவரை முன்னால் தூக்கிப் போட்டதில்தான் இடது தோள் அடிபட்டது. எலும்பு முறியவில்லை.

அப்போதும் குற்றவாளி புது ஷாக்தான். அதைக் கழற்றிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போனோம். அவருக்குத் தோள் வலி என்பதால் நான் கார் ஓட்டினேன். கூரியர் அலுவலகத்தில் கவுண்டர் பக்கத்தில் தரையோடு தரையாகப் பார்சல் நிறுக்கும் மேடை ஒன்று இருந்தது. வரிசையில் நகர்ந்து நகர்ந்து இவர், கையில் பெட்டியோடு, அதன் மேல் ஏறி நின்றுவிட்டார். எதிரே சிவப்பு எழுத்தில் தொண்ணூற்று மூன்று என்று வந்தது. வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். கூரியர் ஆள் நிமிராமல், “சார், பார்சலை மட்டும் வைங்க” என்றார். உங்கள் அண்ணன் எண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “இது ரொம்பக் கனம். அதான் திருப்பி அனுப்பறேன்” என்றார். பெட்டியின் எடை அரைக் கிலோ. கூரியர் ஆளுக்கு அதிலும் ஆட்சேபனை இருக்கவில்லை. காரில் திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் மழை வருமா என்பது பற்றி வழக்கத்தைவிட விரிவாகப் பேசினோம்.

ஷாக்கில் ஒரு குறையும் இல்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. இவர் அதை மாட்டி மறுபடியும் எழுபத்திரண்டுக்கே காற்று ஏற்றி வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, கைவிடப்பட்ட கல்குவாரிச் சரிவில் ஒரு சைக்கிள் கூட்டத்தோடு இறங்கப்போகிறார். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர், எல்லோரும் அவரைக் கேப்டன் என்கிறார்கள். நான் அந்தச் சரிவைப் போய்ப் பார்த்தேன். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குதிப்பு இருக்கிறது, அதற்குக் கீழே பாறை. நான்கு படிகளுக்கே தோள் போயிற்று என்றால், இங்கே என்ன போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நேராகச் சொல்லிவிடலாமே என்பீர்கள். “நீங்க எழுபத்திரண்டு இல்லீங்க” என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அலுவலகத்தில் ஒருமுறை எல்லோர் முன்னாலும் குறைத்துக் காட்டப்பட்ட மனிதர், தம்பி. கூரியர் கடையில் இன்னொரு முறை. நானும் சொன்னால் அவர் கோபிக்க மாட்டார், சரி என்று ஒத்துக்கொள்வார். சைக்கிளை மூலையில் சாய்த்துவிட்டு மறுபடி சோபாவில் போய் உட்காருவார். அதற்காகச் சொல்லாமல் விட்டால் பாறை. திருட்டுத்தனமாக நானே காற்றை ஏற்றிவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் கிளம்பும் முன் பம்பை மாட்டி அளக்காமல் அவர் நகர மாட்டார், யார் கை வைத்தது என்று கேட்டு ஏற்றிய காற்றை இறக்கிவிடுவார்.

ஆகவே நீங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டும். அவர் உங்களுக்கு அண்ணன் என்றாலும் சைக்கிள் விஷயத்தில் உங்களைத்தான் மூத்தவராக வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, குவாரி மாதிரிச் சரிவுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு, சொந்த எடையோடு இருபது கிலோ கூட்டித்தான் காற்று ஏற்ற வேண்டும், உங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் ஏதாவது விஞ்ஞானம் சொல்லுங்கள், அவர் ஸ்பீக்கரில் போடுவார், நான் இங்கிருந்து ஆமோதிக்கிறேன். இதைச் செய்துவிட்டு, தயவுசெய்து இனி இந்த வீட்டுக்கு ஒரு ஆணிகூட அனுப்பாதீர்கள். சைக்கிள் என்ற வகையில் உங்கள் பாசம் எங்களுக்குப் போதுமான அளவு வந்து சேர்ந்துவிட்டது.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குழந்தைகள் நன்றாகப் படித்து, கை கால் முழுசாக, சக்கரம் இல்லாத விளையாட்டுகளில் சிறந்து விளங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: உறையை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டிவிட்டுப் பொறுமை இல்லாமல் பம்பை எடுத்துக்கொண்டு சைக்கிள் அருகே உட்கார்ந்தேன். அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன், வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எவ்வளவு போட்டிருக்கே?” என்றார். சொன்னேன். வேறு எண் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. எந்த அழுத்தம் எந்த எடைக்கு என்பது அவருக்கு மனப்பாடம். நான் பம்பைக் கழற்றப் போனேன்.

“இன்னும் கொஞ்சம் ஏத்து” என்றார். “ஹெல்மெட், முட்டிக் கவசம், தண்ணிப் பை எல்லாம் சேரும்ல.”

ஏற்றினேன். ஏறி உட்கார்ந்தார், வளையம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

“கூரியர்லயே தெரிஞ்சுபோச்சா?”

“பெட்டி கனம்னு சொன்னீங்களே.”

“நீ நம்பினியா?”

“கூரியர் ஆள் நம்பினாரு.”

சிரித்தார். அன்றே பூங்காப் படிகளில் நான் பார்க்க மூன்று முறை இறங்கினார், சைக்கிளோடு இறங்கினார். ஆகவே நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். வேறொரு உதவி வேண்டும். அந்தப் படிகளை ஒரு முறை நானும் இறங்கிப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. உங்களிடம் சின்ன அளவு ஃபிரேம் ஏதாவது இருந்தால் அனுப்பி வையுங்கள், கூடவே அதற்கேற்ற ஷாக்கும். உங்கள் அண்ணன் எனக்கு ஒன்று கட்டித் தருகிறேன் என்று என் எடையைக் கேட்டார், ஐம்பத்தெட்டு என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் மட்டும் ஷாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எடை அட்டவணையில் இரண்டு வரி கீழே போய்ப் பாருங்கள்.