ஆறு நாள் தலைமை வழிகாட்டி

"ஆறே நாள்தான் காட்லிசன். நீ சமையல்காரன், நான் தலைமை வழிகாட்டி. கீழே இறங்கினதும் அவனவன் வேலை அவனவனுக்கு."

மலையேற்றம் தொடங்கும் மச்சாமே வாசலில் சுமைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷமாகக் கிளிமஞ்சாரோவில் ஆட்களை ஏற்றி இறக்குகிற தலைமை வழிகாட்டி காட்லிசன், தன் குழுவின் சமையல்காரன் அமினியேலை ஏற இறங்கப் பார்த்தான்.

"எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுடா."

"அது தானா கொதிக்கும். நீ பக்கத்துல நின்னாப் போதும்."

எல்லாம் ஃபிலெமோன் சித்தப்பாவின் கைங்கரியம். பாரே மலைக்குப் போய் அமினியேலுக்கு நகிஜ்வாவைப் பெண் கேட்டவர், வாய் சும்மா இருக்காமல், "எங்க பையன் தலைமை வழிகாட்டி, நாப்பது பேர் அவன் பேச்சைக் கேட்டுத்தான் நடப்பாங்க" என்று அளந்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் வழக்கப்படி கல்யாணப் பேச்சு முடியும்வரை மாப்பிள்ளையும் மாமனாரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை. நடுவில் ஆள் வைத்துத்தான் எல்லாம். ஆனால் பெண்ணின் அப்பா விடாக்கண்டர். "இந்த வாரம் நானே அவன்கூட மலை ஏறுறேன். யாருன்னு சொல்லிக்க மாட்டேன். பார்த்துட்டுத்தான் பதில்" என்று சொல்லியனுப்பிவிட்டார். நகிஜ்வா கிடைக்காமல் போவதை அமினியேலால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்த வாரம் ஏற வந்திருந்தவர் ஒரே ஒருவர். அறுபது வயது, நரைத்த மீசை, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, பாரேக்காரர், பெயர் மசாங்கி. நகிஜ்வாவும் மசாங்கி குலம்தான். குலப் பெயரைக்கூட மறைக்கத் தெரியவில்லையே மனுஷருக்கு என்று அமினியேல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

கிளம்பும் நேரத்தில் சுமைகாரர் ஒருவருக்குக் காய்ச்சல். வாசலில் வேலைக்குக் காத்திருந்த கூட்டத்திலிருந்து நிதானமான ஆளாக ஒருவரைப் பார்த்துப் பிடித்து, முட்டைக் கூடையை அவர் தலையில் ஏற்றினான் அமினியேல். நாடகத்தை அவருக்கும் சொல்லி வைத்தான்.

"பொண்ணோட அப்பாவுக்குத் தெரியக் கூடாது அண்ணே. வாயைத் திறந்துடாதீங்க."

"நான் ஏன் தம்பி திறக்கப் போறேன்" என்றார் முட்டைக்காரர்.

முதல் நாள் இரவு காட்லிசன் கஞ்சி காய்ச்சினான். மசாங்கி கரண்டியை விட்டுக் கிளறினார். கரண்டி நின்றது.

"தம்பி, உங்க சமையல்காரர் இதுக்கு முன்னாடி கொத்தனாரா இருந்தாரா?"

மறுநாள் அவர் எதையும் தொடவில்லை. சாப்பிடாத ஆள் அந்த உயரத்தில் ஏற மாட்டார். அவர் பாதியில் திரும்பினால் கல்யாணமும் பாதியில் திரும்பிவிடும். ஆகவே அமினியேல் திருட்டுத்தனமாகச் சமையல் கூடாரத்துக்குள் புகுந்து, வாழைக்காயும் மாட்டெலும்பும் போட்டு சூப் வைத்தான். மசாங்கி மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, சமையல்காரனைக் கூப்பிடச் சொன்னார். காட்லிசன் வந்து நின்றான்.

"இப்படிச் சமைக்கிறவனுக்குப் பொண்ணு கொடுக்க நான் நீன்னு வருவாங்களேப்பா. கல்யாணம் ஆயிடுச்சா?"

காட்லிசன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு பிள்ளை இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கூடாரத்துக்குப் பின்னால் அமினியேல் அவன் சட்டையைப் பிடித்தான்.

"ஒரு மனுஷன் மனசாரப் பாராட்டுறப்ப எப்படிடா குறுக்க பேசுறது?"

பெரியவர் பெண்ணைக் காட்லிசனுக்கே கொடுத்துவிடுவாரோ என்று அமினியேல் பயந்தான். தன் கைச் சூப்பே தனக்கு எமனாகிவிட்டதே. மூன்றாம் நாள் சூப்பில் இன்னொரு கைப்பிடி உப்பை அள்ளினான்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முட்டைக்காரர் நிமிர்ந்தார். "உப்பு ஏற்கெனவே போட்டாச்சு தம்பி."

"தெரியும் அண்ணே. நீங்க வெங்காயத்தைப் பாருங்க."

அந்த உப்பு மசாங்கியைப் படுக்க வைத்துவிட்டது. நாலாம் நாள் கடைசி முகாமான பராஃபுவுக்கு வந்து சேர்ந்தபோது அவர் சுருண்டு கிடந்தார். "இறங்கிடலாமா தம்பி?" என்று ஈனமாகக் கேட்டார்.

அமினியேலுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவன் கை இதுவரை யாரையும் பட்டினி போட்டதில்லை. கல்யாணத்தையே மறந்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, இஞ்சி தட்டிப் போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சி, அவருக்கு வாய் வாயாக ஊட்டினான். சாயங்காலம் பெரியவர் எழுந்து உட்கார்ந்து பூட்ஸ் எங்கே என்று தேடினார்.

அப்போதுதான் அடுத்த சிக்கல் உறைத்தது. சமையல்காரர்கள் பராஃபுவைத் தாண்டுவதில்லை. நூறு தடவை வந்திருந்தும் அமினியேல் உச்சியைப் பார்த்ததே கிடையாது.

"நான் பிளாஸ்கைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றான் காட்லிசன். "ஒரு தடவை இருமினா இடப்பக்கம், ரெண்டு தடவைன்னா வலப்பக்கம்."

நள்ளிரவில் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு எரிமலைத் தூசி தொண்டையில் இறங்கி, காட்லிசனுக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. அமினியேல் இடப்பக்கம் போனான், வலப்பக்கம் போனான், மறுபடி இடப்பக்கம் போனான்.

"இந்தப் பாறையை நாம ஏற்கெனவே பார்த்தோம்ல?" என்றார் மசாங்கி.

"சுத்திச் சுத்தி ஏறினாத்தான் உடம்புக்குப் பழகும் ஐயா."

எப்படியோ விடிகிற நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டார்கள். மசாங்கி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அமினியேலும் அழுதான், அவனுக்குத் தலை பிளந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாள் அடிவாரத்து வாசலில் மசாங்கி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஒரு வழிகாட்டி கிடைக்க மாட்டான் தம்பி. எங்க ஊர் முழுக்கச் சொல்வேன்."

அந்த வார்த்தை அமினியேலைச் சுட்டது. இந்தப் பொய்யின் மேல் கல்யாணம் கட்டினால் ஆயுசு முழுக்க இருமலுக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும். குழுவே பார்த்துக்கொண்டிருக்க, அவர் காலடியில் மண்டியிட்டான்.

"ஐயா, நான் வழிகாட்டி இல்லை. சமையல்காரன். அந்த சூப் நான் வெச்சது, அந்த உப்பும் நான் போட்டதுதான். பொய் சொன்னதுக்கு என்ன வேணும்னாலும் திட்டுங்க. ஆனா உங்க பொண்ணை எனக்குக் கொடுங்க. அவளை ஒரு நாளும் பட்டினி போட மாட்டேன், அது சத்தியம்."

மசாங்கி திகைத்துப்போய் அவனையும் காட்லிசனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஏதுப்பா பொண்ணு? நாலும் பையனுங்க."

முட்டைக்காரர் கூடையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவரை விடுங்க மாப்பிள்ளை, பாவம், நகிஜ்வாவைப் பெத்தவன் நான்தான், ஆறு நாளா உங்க சமையல் கூடாரத்துலதான் உக்காந்திருந்தேன்."