நட்டாலுக்குக் கிடைத்த பி கிரேடு

"ஜி கிரேடா? அதுக்குக் கீழே வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் நட்டால்.

"இல்ல சார். அதுதான் அடிமட்டம்," என்றாள் கட்டடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி, தொப்பியைக் கூடக் கழற்றாமல். "எரிசக்திச் சான்றிதழ்ல குறைஞ்சது இ கிரேடு வாங்கணும். இல்லேன்னா இதை வாடகைக்கு விட முடியாது. சட்டம்."

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. நட்டாலுக்கு இருப்பதோ ஒரே கட்டடம், அதில் ஒரே வாடகைதாரர், பதினோரு வருஷமாகக் கம்பளிக் கடை நடத்தும் மேவிஸ். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அவளும் போய்விட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

"கவலைப்படாதீங்க மேவிஸ். எல்லாத்தையும் நான் சரி பண்ணிடறேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றாள் மேவிஸ்.

அந்த ஊரில் யாரும் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜனங்கள். பாவம், ரொம்ப நொந்து போயிருக்கிறாள் என்று நட்டாலாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

மறுநாளே கூரைக்கடியில் குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்தார். தலைமுறை தலைமுறையாகப் பரணில் குடியிருந்த புறாக்கள் கோபித்துக்கொண்டு கடைக்குள் இறங்கின. அதில் ஒன்று, விலை உயர்ந்த ஸ்வெட்டராகப் பார்த்து உட்கார்ந்து காரியத்தை முடித்தது.

"எப்படி இருக்கு மேவிஸ்?"

"அருமையா இருக்கு." முகம் என்னவோ விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

பஞ்சு போதவில்லை போலிருக்கிறது! உடனே ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டார். பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. கதவும் திறக்கவில்லை. கையுறை வாங்க வந்த பாதிரியார் ஒரு மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே ஓடினார்.

"இப்போ?"

"ரொம்ப... கதகதன்னு இருக்கு." மேவிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதுமே, மிஸ்டர் நட்டால்."

'அட, இன்னும் குளிருது போல. சொல்லக் கூச்சப்படறா!' நட்டாலுக்கு மனசு கேட்கவில்லை. ஆசை ஆசையாக வைத்திருந்த காரை விற்றுக் கடைக்குப் புதிய சூடேற்றும் இயந்திரம் வாங்கிப் போட்டார்.

பத்தாம் நாள் அதே அதிகாரி மறுபடி வந்து சோதித்தாள். இந்தத் தடவை தொப்பி, மஃப்ளர், கோட்டு மூன்றையும் கழற்றிவிட்டாள். வந்த கிரேடு பி.

சான்றிதழ் தபாலில் வந்த அன்று நட்டால் அதைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினார். கடை வாசலில் ஒரு வேன் நின்றது. டிரைவர் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மேவிஸ் எங்கேப்பா? பி! பி கிடைச்சிடுச்சு!"

"அவங்க காலி பண்ணிட்டாங்க பெரியவரே. சந்தையில கடை பிடிச்சிருக்காங்க. நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய். சுவரே கிடையாது, அதனால சான்றிதழும் வேண்டாமாம்."

நட்டால் சான்றிதழைக் கீழே இறக்கினார். "இந்த ஜனவரிக் குளிர்லயா? நான் அவங்களுக்கு என்னப்பா குறை வச்சேன்?"

டிரைவர் கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"முன்னெல்லாம் கடைக்குள்ள வந்தவன் ரெண்டே நிமிஷத்துல நடுங்கிப்போய் ஸ்வெட்டர் வாங்கிட்டுப் போவானாம், இப்போ போட்டுட்டு வந்த ஸ்வெட்டரையும் கழட்டி வச்சு மறந்துட்டுப் போறானாம்!"