தகரத்துக்குத் தகுதியான சோகம்

புயலில் கூரையை இழந்த மக்களுக்கு முதற்கண் வழங்கத்தக்கது மன அமைதியே என்று மீட்பு அலுவலகம் நன்கு ஆராய்ந்து முடிவு செய்தது. மன அமைதி எடையற்ற பொருள். அதை ஏற்றிவர லாரி வேண்டியதில்லை. ஆகவே, கூரைத் தகரங்கள் கிடங்கில் ஓய்வெடுக்க, கிரேயான் பெட்டிகளுடன் படம் வரையவைத்து மனக்காயம் ஆற்றும் அம்மையார் ஒருவர் வந்து சேர்ந்தார்.

திட்டம் நேர்த்தியானது. யாருடைய துயரம் பெரிதோ அவருக்கே முதலில் தகரம். துயரத்தை அளப்பது எங்ஙனம்? வாய்ச்சொல்லை நம்புவதற்கில்லை. நேரில் சென்று வீட்டைப் பார்ப்பதோ, அலுவலகத்து அதிகாரியின் கருத்துப்படி, மனத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும் மேலோட்டமான முறை. எனவே அனைவரும் பள்ளிக்கூட மண்டபத்தில் அமர்ந்து படம் வரையுமாறு பணிக்கப்பட்டனர்.

அவர்களுள் ஒருத்தி தையற்காரி. அவள் வீட்டில் நான்கு சுவர்களும் நின்றன. மேலே வானம் இருந்தது. தூறல் விழுந்தால் தையல் இயந்திரத்தின் மேல் தார்ப்பாயை விரித்து, மகளையும் அதற்குள் தள்ளிவிட்டு, தான் வெளியே நிற்பாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

துணிக்கு நூல் பொருத்திப் பழகிய கண் அவளுக்கு. மஞ்சள் வீடு, பச்சை மரம், இரு பறவைகள் என வரைந்துகொண்டே போனாள். புயலுக்குப் பின் அன்றுதான் சற்று நேரம் கவலையை மறந்திருந்தாள். அதுவே வினையாயிற்று.

அம்மையார் படத்தைத் தூர வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். அடியில் 'முழு மீட்சி' என்று எழுதினார்.

"வீட்டுக்குக் கூரைகூடப் போட்டிருக்கீங்களே, அக்கா. உங்க மனசு குணமாயிடுச்சு."

"கூரை மனசுல இருக்குங்க. வீட்லதான் இல்லை."

"மனசுல வந்துட்டா வீட்டுல தானா வந்துடும்."

ரொட்டிக்கடைக்காரருக்குப் புயலில் கடைப்பலகை மட்டுமே பறந்திருந்தது. அவர் ஒரு ரொட்டியை வரைய முயன்றார், கோணிக்கொண்டது. திருத்தத் திருத்த மேலும் கோணவே, கோபத்தில் தாள் முழுவதும் கறுப்பை அப்பிவிட்டார். அம்மையாரின் கண்கள் கலங்கின. கிடங்கிலிருந்து புறப்பட்ட முதல் தகரம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. கூரை ஏற்கெனவே இருந்தமையால் அவர் அதை விறகின் மேல் மூடிவைத்தார்.

செய்தி கேட்ட தையற்காரியின் கணவன் வாளாவிருக்கவில்லை.

"வரையத் தெரிஞ்சவளைக் கட்டிக்கிட்டது என் தலையெழுத்து. ரொட்டிக்காரர் பொண்டாட்டி கொடுத்துவெச்சவ."

அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவள் ரொட்டிக்கடைக்குச் சென்றாள். அதற்குள் அவர் துயரத்துறை வல்லுநராகிவிட்டிருந்தார். அடுப்பைச் சுற்றித் தெருவே அமர்ந்து பயின்றுகொண்டிருந்தது. சூரியனை மட்டும் போட்டுவிடக்கூடாது என்பது அவருடைய முதற்பாடம். சூரியனைப் போட்ட எவருக்கும் தகரம் வந்ததில்லையாம்.

எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத தையற்காரி, சோகத்தையும் செவ்வனே செய்தாள். மறுமுறை அவள் வரைந்த படத்தில் இரண்டு கைகள் கரிய வானத்தைத் தாங்கி நின்றன. கைகளுக்கு உடல் இல்லை. அதைக் காண அதிகாரியே நேரில் எழுந்தருளினார். தலைநகரில் அலுவலகம் நடத்தவிருந்த துயர ஓவியக் கண்காட்சியில் அந்தப் படமே நடுநாயகமாக விளங்கும் என அறிவித்தார்.

"அப்போ தகரம் எப்போ சார் வரும்?"

அதிகாரி அவளைப் பரிவுடன் நோக்கினார். "இந்த மாதிரி துயரம் லேசுல கிடைக்காதும்மா. தகரம் கொடுத்தா அது தீர்ந்துடும். தீர்ந்துட்டா அடுத்த படம் எப்படி வரும்?"

கண்காட்சி முடியும்வரை கலைஞரின் துயரம் பொதுச்சொத்தாகக் கருதப்பட்டுப் பாதுகாக்கப்படும் என்று ஆணை பிறந்தது.

வீடு திரும்பிய தையற்காரி அலுவலகத்தின் ஏழு தலைமுறையையும் வாயாரத் திட்டினாள். ஆயினும் மறுநாள் அவள் தெருவில் நடந்தபோது, ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்று வணங்கினார். 'கை வரைஞ்ச அக்கா' என்று குழந்தைகள் சுட்டிக்காட்டினர். படத்துக்குத் தேக்குமரச் சட்டம் போடப்போவதாகவும், அயல்நாட்டு விருந்தினர் கலைஞரின் இல்லத்தைக் காண வரவிருப்பதாகவும் அம்மையார் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவளது திட்டு படிப்படியாகக் குறைந்தது.

விருந்தினர் வருகைக்கு முந்தைய மாலை, தங்கையின் நிலையைப் பொறுக்காத அண்ணன், தன் மாட்டுக்கொட்டகையைப் பிரித்துப் பழைய தகரங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். கணவன் சுவரின் மேல் ஏறி அமர்ந்தான். முதல் ஆணியை அடிக்கச் சுத்தியலை ஓங்கியபோது தூறல் தொடங்கியது. மகள் வழக்கம்போல் தார்ப்பாய்க்குள் நுழைந்துகொண்டாள்.

கீழே நின்ற தையற்காரி வானத்தைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள்.

"இறங்குங்க," என்றாள்.

"ஏன்? மழை வருது பாரு."

"நாளைக்கு வர்றவங்க பார்த்துட்டுப் போகட்டும். கூரையோட இருந்தா என்ன நினைப்பாங்க?"

கணவன் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகு கவனமாகக் கீழே இறங்கி, நனைந்த தலையைக் கையால் கோதி வாரிக்கொண்டு, மனைவியிடம் பணிவாகக் கேட்டான்:

"அவங்க வர்றப்போ நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"