சிவப்பு சோடா வாசம்

மார்புக்குள் யாரோ நெல்மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி வலித்தது விச்சியனுக்கு. அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிற சாய்வுப் பலகையில் பாதி ஏறியவன், தோளில் சுமையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூச்சு பூனைக்குட்டி மாதிரிக் கத்தியது.

மேஸ்திரி பிரயூன் கீழிருந்து கத்தினார். "உமித்தூசிக்கெல்லாம் உட்கார்ந்தா எப்படிடா? இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் பொம்பளைங்களோட சாக்குத் தைக்கப் போ!"

பாங்காக்கில் துணிக் கம்பெனியில் உழைக்கிற மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் மூச்சிரைப்புக்குக் கொடுத்த இழுப்பு மருந்தை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். புஸ். ஒன்றும் நடக்கவில்லை. காலையும் மாலையும் விடாமல் இழுக்க வேண்டும், இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், மெதுவாகத்தான் கேட்கும் என்று நர்ஸ் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

"வெறும் காத்து, அத்தை," என்றான் வீட்டுக்கு வந்து.

ஆலை வாசல் கூட்டுகிற மாமியார் லம்யை, மீனைச் சுட்டுக்கொண்டே கேட்டாள். "இனிமே தொடமாட்டியா?"

"செத்தாலும் தொடமாட்டேன்."

"ம்," என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

ஆலை வாசலில் கம்பத்தின் மேல் ஆவிக்கென்று ஒரு குட்டி வீடு. மூச்சிரைத்தே செத்த தோங் கிழவர் அதில்தான் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் விச்சியன் மருந்தை அதற்குள் வைத்தான். பக்கத்தில் ஸ்ட்ரா போட்டு ஒரு சிவப்பு சோடா.

"பெரியவரே, இதை நீங்க வச்சுக்குங்க. எனக்கு மூச்சைக் குடுங்க. பாவாடை கட்டி உங்க முன்னாடி ஆடுறேன்."

சாயங்காலம் மருந்தைக் காணோம். சோடா பாட்டிலையும் காணோம்.

அன்றிலிருந்து விடியலில் ஒரே கனவு. எதுவோ முகத்தைக் கவ்விப் பிடிக்கிறது. புஸ். புஸ். குளிர்ந்த மூச்சு தொண்டைக்குள் இறங்குகிறது. விழித்தால் யாருமில்லை. சிவப்பு சோடா வாசம் மட்டும் தலையணையில்.

சில வாரங்களில் விச்சியன் மூட்டையோடு பலகையில் ஓடி ஏறினான். ஆனால் குரல் போயிற்று. வாயைத் திறந்தால் தகரத்தில் மணல் தேய்கிற சத்தம்.

"டேய், தோங் கிழவன் பேசற மாதிரியே இருக்குடா!" பிரயூன் ஓரடி பின்னால் போனார்.

பயந்துபோய் இன்னும் இரண்டு சோடா வைத்தான். மறுநாள் விடியலில் வாசம் முன்னைவிடத் தூக்கல். பிக்குவிடம் ஓடி மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டான். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால், தேங்காய்ப்பால் ஆடை படிந்த மாதிரி நாக்கெல்லாம் வெள்ளை.

"சவப்பெட்டியில வச்சப்ப கிழவன் நாக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்று பிரயூன் சத்தியம் பண்ணினார். "அவன் உனக்கு மூச்சுக் குடுக்கலடா. உனக்குள்ளயே குடிவந்துட்டான். நேர்ந்துக்கிட்டதை உடனே முடி. இல்லேன்னா நீ நீயா இருக்கமாட்டே."

மாமியாரின் பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு விச்சியன் குட்டி வீட்டின் முன் நின்றான். ஒருவன் எண்ணெய் டின்னைத் தட்டினான். சிரிப்பதற்கென்றே ஆலை முழுக்கக் கூடியிருந்தது. "ஏத்துக்குங்க பெரியவரே!" என்று அவன் வாயிலிருந்து கிழவரின் குரல் வந்ததும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வியர்வை கொட்டக் கொட்ட ஆடினான். குதித்தான். சுழன்றான். மூச்சு வாங்கவே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மூச்சுவிடுகிறவன் யார்?

கூட்டத்தை விளக்குமாற்றால் விலக்கிக்கொண்டு லம்யை வந்தாள். இன்னொரு கையில் அடியை வெட்டிய சிவப்பு சோடா பாட்டில். அதன் கழுத்தில் செருகியிருந்தது அவனுடைய மருந்து.

"நீ வாயப் பொளந்து தூங்கறப்ப இதை உன் மூஞ்சியில கவுத்து மருந்தடிச்சது நான்தான் மாப்ளே. தூங்கறவன வாய் கொப்பளிக்க வைக்க முடியல, அதான் குரலும் நாக்கும் இந்தக் கதி. பாவாடைய அவுக்காதே. கிழவனுக்கு ஆடினது கணக்குல வராது, எனக்கு ஒரு ஆட்டம் பாக்கி."