தரகர் தேவை யில்லை

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு என் முதுகைத் தவிர மற்ற அனைவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நிற்க.

"வீடு விக்கிறது கத்தரிக்காய் விக்கிற மாதிரி இல்ல மாப்பிள்ளை, தரகுத் தொழில்லயே ஊறினவன் நான் இருக்கேன்ல" என்று நீங்கள் சொன்னதும், "என் வீட்டை விக்க எனக்குத் தெரியாதா?" என்று நான் போனை வைத்ததும் நினைவிருக்கலாம். அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று தெரிவிக்கவே இக்கடிதம். உங்கள் தங்கையின் முட்டி மாடிப்படியோடு சண்டை பிடித்து வருஷம் ஒன்றாகிறது. படுக்கப் போகும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா" சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஏறுகிறவன் பாடு உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை விற்றுவிட்டு, மாடி இல்லாத சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் போர்டு. அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவன், எழுத ஆள் வைப்பேனா? நானே பலகை வாங்கி நானே எழுதினேன். "வீடு விற்பனைக்கு. தரகர் தேவை" என்பதோடு பலகை தீர்ந்துவிட்டது. "யில்லை" என்பதை அடுத்த வரியில் பொடியாகப் போட்டேன். அதை கேட்டில் படர்ந்த கொடி மறைத்துவிட்டது. மறுநாள் காலையில் பல்கூட விளக்கவில்லை, வாசலில் தரகர் கூட்டம். ஒருத்தர் ரொம்பப் பணிவாக, "சார், எத்தனை பேர் தேவை?" என்று கேட்டார். கொடியை விலக்கிக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி மறைச்சு எழுதுறவர் வீட்டுல இன்னும் என்னென்ன மறைச்சிருப்பாரோ" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கே கொடியை வெட்டினேன். அதில்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

அப்புறம் வீடு பார்க்க ஒரு பேங்க் அதிகாரி வந்தார். கோட்டு சூட்டு, கையில் டேப்பு. அவர் வருகிறார் என்று ஹால் மூலையில் ஈரம் கசியும் இடத்துக்கு அன்று காலையில்தான் நானே வெள்ளை அடித்திருந்தேன். மனுஷன் வீடு முழுக்க விட்டுவிட்டு நேராகப் போய் அந்தச் சுவரில்தான் சாய்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உங்க தங்கை சும்மா இருப்பாளா? "ஐயோ, அங்க சாயாதீங்க, மழை பெஞ்சா அந்தச் சுவர் அழும்"னுட்டா. அவர் திரும்பிப் பார்த்தார், முதுகெல்லாம் வெள்ளை. "மழையே இல்லையே, இப்பவே அழுதே"ன்னார். இவ ஈரத் துணியால துடைக்கத் துடைக்க வெள்ளை இன்னும் பரவுச்சே தவிர போகல. போனவர் போனவர்தான்.

அடுத்தது ஒரு இளஞ்ஜோடி. மாமியார் தொல்லை தாங்கலன்னு தனிக்குடித்தனம் பார்க்க வந்தவங்க. வீட்டைப் பிடிச்சுப்போச்சு, விலையும் ஒத்துவந்துச்சு, எல்லாம் கைகூடி வர்ற நேரம் பாருங்க, உங்க தங்கை அந்தப் பொண்ணைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டா. உள்ளே என்ன பேசினாளோ, வெளியே வரும்போது பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வாங்க, அத்தை தனியா இருப்பாங்க, வீட்டுக்குப் போலாம்"னுது. அந்தப் பையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். மச்சான், வீடு விக்கச் சொன்னா உங்க தங்கை குடும்பத்தை ஒட்டவச்சு அனுப்புறா! "புண்ணியமாப் போகட்டும் விடுங்க"ங்கிறா. புண்ணியத்தைப் பத்திரம் பதிஞ்சு விக்க முடியுமா?

கடைசியா நேத்து ஒரு நர்ஸம்மா வந்தாங்க. டியூட்டி முடிச்சு அப்படியே வந்திருக்காங்க போல, பாவம், மாடிப்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. எல்லாரும் எத்தனை சதுர அடி, தண்ணி எப்படின்னு கேட்பாங்க. இவங்க கைப்பிடியைத் தடவிப் பார்த்துட்டு, "இது மட்டும் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?"ன்னாங்க. என் பொண்ணு சின்னதுல இதுலதான் சறுக்கிட்டு வருவா, கீழே நான் பிடிக்கணும், ஆபீஸுக்கு லேட்டானாலும் விடமாட்டான்னு சொல்ல ஆரம்பிச்சேன். எப்ப நிறுத்தினேன்னு தெரியல. கடைசியில அவங்க கேட்காமலே விலையை நானே குறைச்சேன். உங்க தங்கை கிள்ளினா. அதுக்கப்புறமும் குறைச்சேன். முடிவாயிடுச்சு. நாளைக் காலையில அட்வான்ஸோட வர்றாங்க. ஒரு தரகரும் இல்லாம, நானே பேசி நானே முடிச்சேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பத்திரப் பதிவன்று தாங்கள் அவசியம் வர வேண்டும், விருந்தாளியாக மட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள், தங்கள் தொழிலுக்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு: அண்ணா, நான்தான் எழுதறேன். தபால்ல போடச் சொல்லி இவர் இதை என் கையில குடுத்தார். வீடு விக்கல. இன்னைக்குக் காலைல நர்ஸம்மா பணத்தை நீட்டினாங்க. இவர் வாங்கவும் இல்ல, வேண்டாம்னும் சொல்லல. மாடிப்படியில போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால மூடிக்கிட்டார். நான் பார்த்து நாளாச்சு அண்ணா, அவர் அழுது. நர்ஸம்மாவே பணத்தைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, "எனக்கு மாடி மட்டும் வாடகைக்குக் குடுங்க, நீங்க கீழேயே இருங்க"ன்னாங்க. முன்னறையில இவரோட பழைய பேப்பர் கட்டை எல்லாம் எடுத்தா கட்டில் தாராளமாப் பிடிக்கும். இது ஏன் எங்க ரெண்டு பேர் புத்திக்கும் எட்டலன்னு தெரியல. "அப்ப லெட்டரைக் கிழிச்சிடலாமா?"ன்னு கேட்டேன். "கஷ்டப்பட்டு எழுதியிருக்கேன், ஒரு பிழைகூட இல்ல, போடு"ன்னுட்டார். நீ எதையும் கேட்டுக்காத. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு ஆளோட வந்துடு, கட்டிலைக் கீழே இறக்கணும். ஐயோ, இதை நான் எழுதிட்டிருக்கும்போதே இவர், எதுக்கு ஆளு, நானே இறக்கிடுவேன்னு ஒத்தையில இழுத்து, இப்ப கட்டில் பாதிப் படியில மாட்டிக்கிச்சு, இவர் அதுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருக்கார். லெட்டரைத் தபால்ல போடல, ஆள்கிட்டயே குடுத்தனுப்பறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம், உடனே வா.